கேட்டவர்களும் தூக்கியவர்களும்
பேரிடர்களில் பிறர் துயரைச் சுமந்தோர் குறித்து



அண்ணனின் பெயரை நாம் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மேடையில் படம் இருக்கிறது. வந்திருப்பவர்களில் பாதிப்பேர் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தச் சேரியில் வீடு எரிந்தாலும், எந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தாலும், மறுநாள் முதல் பேருந்தில் அங்கே போய் இறங்கியவர். சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, "சொல்லு தாயி, நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பவர்.

திரும்பி வந்தபின் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பற்றி நாம் இதுவரை எந்த மேடையிலும் பேசியதில்லை. மதினியிடம் கேட்டுக்கொண்டுதான் இன்று சொல்கிறோம். இரண்டு மூன்று நாட்களுக்குச் சோறு இறங்காது. எரிந்த ஓலையின் வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை என்பார். நள்ளிரவில் எழுந்து தெருவில் நடப்பார். கடைசி ஆண்டுகளில் குடி கூடியது. நாம் அதைக் குடி என்று மட்டுமே பார்த்தோம். ஒரு கூட்டத்தில் அவரை வைத்துக்கொண்டே ஒழுங்கு பற்றிப் பேசினோம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

அவருக்கு நேர்ந்ததற்கு அப்போதே உலகத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் யாருக்காக உண்டானது, யாரிடம் வந்து சேரவில்லை என்பதுதான் இந்த உரை.

பெயர் கிடைத்த கதை

பேரிடரில் அடிபட்டவருக்கு மனக்காயம் உண்டாகும் என்பதை மருத்துவம் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. அவருக்குத் துணையாக உட்காருகிறவருக்கும் காயம் உண்டாகும் என்பதை ஏற்க வெகுகாலம் ஆயிற்று. 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி அமெரிக்கா வந்த யூதர் அவர். நியூயார்க்கில் கைக்காசு இல்லாதவர்களுக்கான இலவச மருத்துவ மையத்தில் உழைத்தபோது, கூட இருந்த தன்னார்வலர்கள் சில மாதங்களில் கருகிப் போவதைக் கண்டார். தானும் அப்படி ஆனதைக் கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பர்ன் அவுட்'. எரிந்து தீர்தல் என்று நாம் சொல்லலாம். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளப்பதற்கான கேள்விப் பட்டியலை உருவாக்கினார். 1990இல் லிசா மக்கான், லாரி ஆன் பேர்ல்மன் இருவரும் ஒருவரின் காயம் அதைக் கேட்பவருக்குள்ளும் இறங்குவது பற்றி எழுதினார்கள். 1995இல் சார்லஸ் ஃபிக்லி 'இரக்கச் சோர்வு' என்ற சொல்லைப் பரவலாக்கினார்.

இந்தச் சொற்கள் ஒரே பொருளைச் சொல்பவை அல்ல. எரிந்து தீர்தல் மெதுவாக வரும். ஓய்வின்மை, ஆள் பற்றாக்குறை, செய்ததற்குப் பலனில்லை என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து ஆளை உலர வைக்கும். எதிரில் அழுகிறவர் மனிதராகத் தெரியாமல் மனுவாகத் தெரியத் தொடங்குவார். இரண்டாம் நிலைக் காயம் திடீரென்றும் வரும். கேட்ட காட்சி தன் கண்ணால் கண்டது போலக் கனவில் வரும். சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். மூன்றாவது, உலகத்தைப் பற்றிய நம்பிக்கையே மாறிப்போவது: எந்தக் கதவும் பாதுகாப்பில்லை, எந்த மனிதனையும் நம்புவதற்கில்லை என்று மனம் முடிவு கட்டிவிடும். அண்ணன் தன் மகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்ப மறுத்தது நமக்கு நினைவிருக்கிறது. அன்று அதைப் பிடிவாதம் என்றோம்.

யாருக்கு இது அதிகம் வரும்? நாள் முழுக்கத் துயரத்தை மட்டுமே கேட்பவருக்கு, பயிற்சியில்லாமல் இறக்கிவிடப்பட்டவருக்கு, தனியாகப் போகிறவருக்கு, தன் வாழ்விலும் அதே காயத்தைச் சுமப்பவருக்கு. எது காக்கும்? அளவான வேலை, முறையான ஓய்வு, மூத்தவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசும் வழி, கூட வேலை செய்பவர்களின் துணை. இதே வேலை மனிதருக்கு நிறைவையும் தருகிறது. இல்லையென்றால் யாரும் இரண்டாம் முறை போகமாட்டார்கள். அண்ணன் முப்பது ஆண்டு போனார்.

நாகப்பட்டினம்

இந்தியாவில் இந்த வரலாறு போபாலில் தொடங்குகிறது. 1984 டிசம்பர் 2-3 இரவில் நச்சுவாயு கசிந்தபோது, அடிபட்ட மக்களின் எண்ணிக்கைக்கு மனநல மருத்துவர்கள் எந்த வகையிலும் போதவில்லை. பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் என்று வரவர, அந்தப் பொறுப்பு மருத்துவரிடமிருந்து ஊர்மட்டப் பணியாளரிடம் இறங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்த முறையை வளர்த்தெடுத்தது. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், படித்த இளம்பெண் ஆகியோருக்குச் சில நாள் பயிற்சி. பிறகு வீடுவீடாகப் போய்ப் பேச வேண்டும். வேறு வழியில்லாத நாட்டில் இது நல்ல வழிதான். ஆனால் வேலை கீழே இறங்கியபோது அதன் காயமும் சேர்ந்து கீழே இறங்கியது.

2004 டிசம்பர் 25 வெண்மணி நினைவு நாள். 1968இல் அதே நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த மண்ணில் கூடி அஞ்சலி செலுத்திக் கலைவது தோழர்களின் வழக்கம். அந்த ஆண்டு அஞ்சலி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அதே நாகை மாவட்டத்தின் கரையில் கடல் ஏறியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

நிம்ஹான்ஸ் குழுக்கள் வந்தன. சென்னையிலிருந்து ஸ்கார்ஃப், சிநேகா போன்ற அமைப்புகள் கடற்கரைப் பகுதிகளில் பணி செய்தன. தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் இறங்கின. ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லும் கவுன்சலிங் என்ற சொல்லும் கடலோரக் குப்பங்களில் ஒரே மாதத்தில் பழகிப்போயின.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த வேலையை எண்ணிப் பாருங்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு பெண். கையில் ஒரு பதிவேடு. ஒரு வீட்டில் பிள்ளையின் கையைப் பிடித்திருந்து தண்ணீர் இழுத்ததில் விட்டுவிட்ட தாய். அவள் அந்தக் கையைத்தான் பேசுவாள், வேறெதையும் பேசமாட்டாள். அடுத்த வீட்டில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றி இன்னொன்றை விட்ட தகப்பன். அதற்கடுத்த வீட்டில் பேச்சே இல்லை. மாலையில் அவள் திரும்பிப் போவது தற்காலிகக் கொட்டகைக்கு. அங்கே அவளுடைய சொந்தத்திலும் ஆள் குறைந்திருக்கும். காலையில் உதவி செய்கிறவள், இரவில் உதவி தேவைப்படுகிறவள். பெருநகரத்திலிருந்து வந்த வல்லுநர் பத்து நாளில் ஊர் திரும்பலாம். அவளுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் கிடையாது.

இதற்குள் சாதி எங்கே இருந்தது? நிவாரண முகாம்களில் தலித்துகளைச் சேர்க்க மறுத்ததையும், தண்ணீர் எடுப்பதிலும் வரிசையில் நிற்பதிலும் காட்டிய பாகுபாட்டையும் அப்போதே தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்தன. படகு இழந்தவர் பாதிக்கப்பட்டவர் ஆனார். அந்தப் படகிலிருந்து இறங்கும் மீனைச் சுமந்து பிழைத்த தலித் கூலியும், உப்பளத்திலும் கரையோர வயல்களிலும் வேலை இழந்தவரும் கணக்கெடுப்பின் ஓரத்தில் நின்றார்கள். நிவாரணப் பட்டியலில் பெயரில்லாதவர் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் உத்தரவு வராது. ஆறுதலும் பட்டியலைப் பார்த்தே போயிற்று.

துயர வேலையின் சாதி

வல்லுநர்களும் பயிற்சி பெற்றவர்களும் வருவதற்கு முன் நாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் வேறு ஒரு கூட்டம். வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பெரும்பாலும் அருந்ததியரும் மற்ற தலித்துகளும். சொந்தக்காரர்களே நெருங்க முடியாத நிலையில் இருந்த உடல்களை, முதல் நாட்களில் ஒழுங்கான கையுறையோ முகமூடியோ காலணியோ இல்லாமல் அவர்கள்தான் எடுத்தார்கள். முள்வேலியில் சிக்கியதை விடுவித்தார்கள். இடிபாட்டுக்கு அடியில் கிடந்ததை இழுத்தார்கள். குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்கள்.

இறந்த உடலைக் கையாளுவது மனதை என்ன செய்யும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்காக ராபர்ட் உர்சானோ, ஜேம்ஸ் மெக்கரோல் ஆகியோர் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிணவறைப் பணியில் இருந்தவர்களை ஆராய்ந்தார்கள். குழந்தைகளின் உடல், காயமில்லாமல் தூங்குவது போலிருக்கும் உடல், சட்டைப் பையிலிருந்து எடுக்கும் கடிதமும் புகைப்படமும் ஆகியவையே ஆளை அதிகம் உலுக்குகின்றன என்று கண்டார்கள். 'இது என் பிள்ளையாக இருந்திருக்கலாம்' என்று தோன்றும் நொடியில் காவல் உடைந்துவிடுகிறது. நாகப்பட்டினத்தில் லாரியிலிருந்து இறங்கிய அந்த மனிதரின் கையில் வந்தவற்றில் பல குழந்தைகளின் உடல்கள். அவருக்கு முன்னால் யாராவது ஒருவர் உட்கார்ந்து "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டிருப்பார்களா? அவருக்குக் கொஞ்சம் கூடுதல் கூலியும் சாப்பாடும் போதும் என்பதே அன்றைய ஏற்பாடு. எப்படிச் சமாளித்தீர்கள் என்று சாக்கடைக்குள் இறங்குகிறவரையும் பிணவறையில் நிற்பவரையும் எந்த ஊரில் கேட்டாலும் ஒரே பதில்தான்: குடிக்காமல் முடியாது. அந்தக் குடியைக் காட்டித்தான் பிறகு அவர்களை இழிவாகப் பேசுவார்கள். நாமும் அண்ணனிடம் அதைத்தான் செய்தோம்.

ஏன் அவர்களை யாரும் கேட்கவில்லை? அவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும் என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இழவு சொல்லப் போவது யார் வேலையாக இருந்தது? வெயிலில் பத்து மைல் நடந்து, சம்பந்தி வீட்டு வாசலுக்கு எதிரே தள்ளி நின்று சாவுச் செய்தியைச் சொன்னவர் யார்? பந்தலில் விடிய விடியப் பறையடித்தவர் யார்? குழி வெட்டியவர், சிதையருகே நின்று வேகாததைக் கிளறியவர் யார்? ஆண்டை வீட்டுச் சாவுக்குக் கூலியாக மாரடித்த பெண்கள் யார்? ஊரின் துயரத்தைத் தொட்டுச் செய்யும் வேலை அனைத்தையும் இந்தச் சமூகம் சிலர் தலையில் பரம்பரையாகச் சுமத்தியது. சுமத்திவிட்டு, அவர்களுக்குத் துயரமே கிடையாது என்று முடிவும் கட்டியது.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். பேரிடர் களத்தில் அந்த அடுக்கு அப்படியே தெரிந்தது. மேலே வல்லுநர், அவருடைய சோர்வுக்கு ஆய்வுக் கட்டுரை உண்டு. நடுவில் ஊர்மட்டப் பணியாளர். அவருக்குப் பயிற்சி முகாமில் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படலாம். கீழே உடலைத் தூக்கியவர். அவருடைய மனம் கேள்வியாகவே எழவில்லை. மனநல மருத்துவருக்கு உண்டாகும் காயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை, அது மெய்யானது. அதே காயம் கீழே போகப்போகப் பெரிதாகிறது, பெயரோ மேலே மட்டும் தங்கிவிடுகிறது என்பதே நம் வழக்கு.

யாழ்ப்பாணத்தின் பாடம்

தமிழில் இதைப் பற்றி நம்மைவிட அதிகம் யோசித்தவர்கள் ஈழத்தில் இருக்கிறார்கள். அங்கே கவுன்சலிங்கை 'உளவளத்துணை' என்பார்கள். துணை என்ற சொல் அதில் இருப்பது கவனிக்கத்தக்கது. அங்கே உதவுகிறவர் ஒருநாளும் பேரிடருக்கு வெளியே நிற்க முடிந்ததில்லை. 1987 அக்டோபர் 21 அன்று இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் சேர்ந்தே கொல்லப்பட்டார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்த மண்ணிலேயே பணி செய்தவர். அவரும் ராஜன் ஹூல், ஸ்ரீதரன், ரஜனி திராணகம ஆகியோரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்தது. மருத்துவப் பேராசிரியரான ரஜனி 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009இல் வன்னியில் ஷெல்லடிக்கு நடுவே தற்காலிக ஆஸ்பத்திரிகளை நடத்திய அரசு மருத்துவர்கள், போர் முடிந்ததும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து சோமசுந்தரம் வந்து சேர்ந்த கருத்து 'கூட்டு மனவடு'. போரும் சுனாமியும் தனி மனிதரை மட்டும் உடைப்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கையையும் உடைக்கின்றன. எனவே ஒருவரை அறைக்குள் உட்காரவைத்துப் பேசுவது மட்டும் போதாது. சடங்கு, கூட்டம், பள்ளிக்கூடம், உறவு எல்லாவற்றையும் மீட்க வேண்டும் என்றார். நமக்கு இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. காயம் கூட்டாக வந்ததென்றால், கேட்டவரின் காயமும் கூட்டாகவே ஆற வேண்டும். அதை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மதினிகளின் தலையில் இறக்கிவைக்கக் கூடாது.

நம் நோட்டுகள்

இப்போது நம்மிடம் வருவோம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்கையால் வருவதையும் மனிதரால் வருவதையும் பேரிடர் என்று சொல்கிறது. ஆனால் 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியதையோ, 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்கள் போனதையோ எந்த அரசும் பேரிடர் என்ற கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை. பேரிடர் என்று சொல்லாததால் அங்கே மனநலக் குழு போவதில்லை. போனவர்கள் உண்மை அறியும் குழுக்கள். வழக்கறிஞர், ஆசிரியர், எழுத்தாளர், மாணவர். கேட்பதற்கான பயிற்சி எதுவும் இல்லாமல், தங்கள் சொந்தச் சேரியின் நினைவோடு போனவர்கள். அடிபட்டவரின் கதை அவர்களுக்குப் பிறத்தியார் கதை அல்ல.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. நல்லது. அந்த உதவியைச் செய்கிறவர் ஐந்து ஆண்டு வழக்கு முழுக்க அதே வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார், திரும்பத் திரும்பக் கேட்பார். அவருக்கு யார்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கியபோதும் சேற்றையும் செத்த ஆடுமாடுகளையும் அள்ள வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களே வந்தார்கள். நமக்கு வடக்கே சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளில் வெடி விபத்து நடக்கும்போதெல்லாம், சிதறியதைப் பொறுக்குவது கூட வேலை செய்தவர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும்தான். இருபது ஆண்டில் பணியின் பெயர் துப்புரவு என்பதிலிருந்து தூய்மை என்று மாறியிருக்கிறது.

இனி

உலக அளவில் சில விதிகள் எழுதப்பட்டுவிட்டன. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட பேரிடர்கால மனநல வழிகாட்டி, பணியாளர்களும் தன்னார்வலர்களும் படும் மனப் பாதிப்பைத் தடுப்பதைத் தனி நடவடிக்கையாகவே சொல்கிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் எரிந்து தீர்தலை, தனி மனிதரின் பலவீனமாகச் சொல்லாமல், வேலையிடத்தோடு தொடர்புடைய நிகழ்வாகத் தன் பட்டியலில் வரையறுத்தது. வேலையால் வருவதென்றால் வேலை கொடுத்தவர் பொறுப்பு. ஆகவே இது தொழிற்சங்கக் கோரிக்கை. பேரிடர் பணிக்கு அனுப்பப்படும் தூய்மைப் பணியாளருக்குப் பாதுகாப்புக் கருவி, சுழற்சி முறை, சம்பளத்தோடு ஓய்வு, திரும்பியபின் மனநலப் பரிசோதனை ஆகியவை உரிமையாக வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கும் சேர்த்து. மாவட்ட மனநலத் திட்டத்தின் கதவை இவர்களுக்காகத் தட்டுவது நம் வேலை.

நமக்குள்ளும் சிலவற்றை முடிவு செய்ய வேண்டும். களத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒரே ஆள் தொடர்ந்து போகக் கூடாது. முதல்முறை போகும் மாணவருக்கு, என்ன காணப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அடிபட்டவரை ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. அது அவரையும் காயப்படுத்தும், கேட்பவரையும் காயப்படுத்தும். திரும்பி வந்த வாரத்தில் போனவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். அறிக்கை எழுதுவதற்காக இல்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவர் தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். கட்டாயப்படுத்திப் பேச வைப்பது நன்மை செய்யாது என்பதும் ஆய்வில் தெரிந்த ஒன்றே. ஒருவர் "இந்த முறை என்னால் முடியாது" என்று சொன்னால், அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. தூக்கம் போய், குடி கூடினால், ஒழுங்கு நடவடிக்கைக்கு முன்னால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும்.

அண்ணனின் நோட்டுகள் பதினேழு, மதினியின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை அச்சாக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். செய்வோம். ஆனால் படியெடுக்கும் வேலையை ஒரு மாணவரிடம் கொடுத்து அறைக்குள் உட்கார வைக்க வேண்டாம். மூன்று பேர் மூன்று பேராக, பகல் நேரத்தில், நம் நூலகத்திலேயே செய்வோம். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். பக்க ஓரங்களில் அவர் தனக்கென்று எழுதிவைத்த சில வரிகளும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதை மதினி சொல்லட்டும்.